சிறுவர்களுக்கு வரும் பன்றிக்காய்ச்சல்: மலையகப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பன்றிக்காய்ச்சல் இன்புளுவன்சாவில் ஒரு வகை. இலங்கையில் இன்புளுவன்சா ஆண்டுக்கு இரண்டு முறை தலைதூக்கும். ஒன்று ஏப்ரல் முதல் ஜூன் வரை, மற்றது நவம்பர் முதல் ஜனவரி வரை. மலையகத்தில் வாழ்கிறவர்களுக்கு இந்த மாதங்கள் நன்றாகத் தெரிந்தவைதான். சித்திரையில் நுவரெலியா சீசனுக்கு ஊரே திரண்டு வரும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கொழும்பில் கடையிலும் வீட்டிலும் வேலை பார்க்கிற பிள்ளைகள் நெரிசலான பஸ்ஸில் தோட்டத்துக்குத் திரும்புவார்கள். அடுத்த வாரமே லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், இருமல் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். அந்த நாட்களில் தாய்மார் கேட்கும் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாவற்றையும் வாசிக்க நேரமில்லை என்றால், ஆஸ்பத்திரிக்கு எப்போது போவது என்ற கேள்வியை மட்டுமாவது வாசித்துவிடுங்கள்.

பன்றிக்காய்ச்சல் என்பது 2009இல் வந்து போன நோய் இல்லையா? இன்னும் இருக்கிறதா?

வந்தது உண்மை, போகவில்லை. எச்1 என்1 என்ற இன்புளுவன்சா வைரஸின் புதிய வகை ஒன்று 2009 வசந்தத்தில் மெக்சிகோவிலும் அமெரிக்காவிலும் கண்டுபிடிக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூன் 11ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் அதை உலகளாவிய கொள்ளைநோயாக அறிவித்தது. இலங்கையிலும் அந்த ஜூனிலேயே முதல் நோயாளி உறுதியானார். 2010 ஆகஸ்டில் கொள்ளைநோய் நிலை முடிந்ததாகச் சொன்னார்கள். ஆனால் வைரஸ் எங்கும் போகவில்லை. சாதாரணப் பருவகால இன்புளுவன்சாக்களில் ஒன்றாக மாறி, ஆண்டுதோறும் நம்மோடு சுற்றிக்கொண்டிருக்கிறது.

பெயரைக் கேட்டுப் பதற வேண்டாம். பெரும்பாலான பிள்ளைகள் ஒரு வாரத்தில் வீட்டிலேயே குணமாகிவிடுவார்கள். அதற்காக அலட்சியமும் கூடாது. 2018 மே மாதம் தென் மாகாணத்தில் வைரஸ் காய்ச்சல் பரவிக் குழந்தைகள் இறந்தபோது, பரிசோதனையில் கண்டவற்றில் இன்புளுவன்சாவும் இருந்தது.

பன்றி இறைச்சி சாப்பிட்டால் வருமா? காட்டுப்பன்றி?

வராது. நன்றாகச் சமைத்த எந்த இறைச்சியாலும் இது தொற்றாது. இந்த வைரஸின் மரபணுக்களில் பன்றிகளிடம் இருந்த இன்புளுவன்சாவின் பகுதிகள் இருந்ததால்தான் அந்தப் பெயர். இப்போது அது மனிதரிடமிருந்து மனிதருக்கு, இருமலிலும் தும்மலிலும் கையிலும் பரவுகிறது.

2024 இறுதியில் இலங்கையின் பன்றிப் பண்ணைகளில் பரவியது வேறு நோய், ஆபிரிக்கப் பன்றிக்காய்ச்சல். அது பன்றியைக் கொல்லும், மனிதருக்குத் தொற்றாது. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகிற வட்ஸ்அப் குரல்பதிவுகளை அடுத்தவருக்கு அனுப்பாமல் இருந்தாலே பெரிய உதவி.

சாதாரணத் தடிமனா, இதுவா என்று எப்படித் தெரியும்?

தடிமன் மெல்ல வரும். முதல் நாள் மூக்கு ஒழுகும், மறுநாள் தும்மல், பிள்ளை விளையாடிக்கொண்டேதான் இருக்கும். இன்புளுவன்சா அப்படியில்லை. காலையில் பாடசாலைக்குப் போன பிள்ளை மத்தியானம் சுருண்டு படுத்துவிடும். திடீரென்று கடும் காய்ச்சல், நடுக்கம், தலைவலி, உடம்பு வலி, தொண்டை நோவு, வறட்டு இருமல். சிறுவர்களுக்கு வாந்தியும் வயிற்றோட்டமும் பெரியவர்களைவிட அதிகமாக வரும். கைக்குழந்தைக்கு இவை எதுவும் தெளிவாகத் தெரியாது. காய்ச்சலோடு பால் குடிக்காமல் சோர்ந்து கிடப்பதே அறிகுறியாக இருக்கலாம்.

இது எச்1 என்1தானா, வேறு இன்புளுவன்சாவா, கொவிட்டா என்று பார்வையில் யாராலும் சொல்ல முடியாது. அதற்கு மூக்கிலிருந்து மாதிரி எடுத்துப் பார்க்க வேண்டும். பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில்தான் நாட்டின் தேசிய இன்புளுவன்சா நிலையம் இருக்கிறது. காய்ச்சல் வந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்தப் பரிசோதனை தேவையில்லை. வீட்டில் செய்ய வேண்டிய கவனிப்பும் கவனிக்க வேண்டிய ஆபத்து அறிகுறிகளும் மூன்றுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான்.

டெங்குவாக இருந்தால்?

நல்ல கேள்வி. குளிர் கூடிய உயரமான தோட்டங்களில் டெங்கு நுளம்பு குறைவு என்பதால் நாம் அதை மறந்துவிடுகிறோம். ஆனால் லீவுக்குக் கொழும்புக்கோ கண்டிக்கோ போய்வந்த பிள்ளை அங்கிருந்தே டெங்குவைக் கொண்டுவரலாம். இருமலும் மூக்கொழுகலும் இல்லாமல் காய்ச்சல் மட்டும் அடித்தால் சந்தேகம் கூட வேண்டும். காய்ச்சல் மூன்றாம் நாளுக்குப் போனால் டொக்டரிடம் காட்டி, முழு இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

இதனால்தான் இன்னொரு எச்சரிக்கையும். டெங்கு இல்லை என்று தெரியும்வரை இபுப்ரொஃபென், டைக்ளோஃபெனக் போன்ற வலி மாத்திரைகளையும், மலவாசலில் வைக்கும் குண்டுகளையும் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது, இரத்தக்கசிவு வரலாம். அஸ்பிரின் எந்த நிலையிலும் வேண்டாம். இன்புளுவன்சா உள்ள பிள்ளைக்கு அது ரேய் நோய்க்குறி என்ற, ஈரலையும் மூளையையும் தாக்கும் அரிய ஆனால் உயிராபத்தான நிலையை உண்டாக்கலாம்.

எவ்வளவு பனடோல் கொடுப்பது?

வயதைப் பார்த்து அல்ல, எடையைப் பார்த்து. ஒரு கிலோ எடைக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மில்லிகிராம் பரசிட்டமோல், பனடோலில் இருக்கும் மருந்து அதுதான். பிள்ளையின் எடை கிளினிக் கார்டில் இருக்கிறது, அதற்காகவாவது அந்தக் கார்டைப் பத்திரமாக வையுங்கள். போத்தலில் 5 மில்லிலிட்டருக்கு 120 மில்லிகிராம் என்று எழுதியிருந்தால், 10 கிலோ பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 5 மில்லிலிட்டர் சரி. ஆனால் இதைவிட இரு மடங்கு செறிவான சிரப்பும் பாமசியில் கிடைக்கிறது. வீட்டில் பழைய போத்தல் ஒன்று, புதியது ஒன்று இருந்தால் லேபலை வாசிக்காமல் ஊற்றாதீர்கள். சமையல் கரண்டி ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வோர் அளவு, அதனால் மருந்தோடு வரும் மூடியிலோ ஊசியில்லாத சிரிஞ்சிலோ அளந்து கொடுங்கள்.

ஒரு வேளைக்கும் அடுத்ததற்கும் ஆறு மணித்தியாலம். ஒரு நாளில் நான்கு தடவைக்கு மேல் வேண்டாம். தடிமன் சிரப்புகள் சிலவற்றிலும் பரசிட்டமோல் கலந்திருக்கும், அதையும் இதையும் சேர்த்துக் கொடுத்தால் அளவு மிஞ்சி ஈரல் பாதிக்கப்படும். அம்மா காலையில் கொடுத்துவிட்டுக் கொழுந்துக்குப் போக, அது தெரியாமல் அம்மாயி ஒன்பது மணிக்கு மறுபடியும் கொடுப்பது நம் வீடுகளில் சாதாரணமாக நடப்பது. கொடுத்த நேரத்தைச் சுவரில் தொங்கும் கலண்டரில் எழுதிவிட்டுப் போங்கள்.

மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் வீட்டு மருந்தே வேண்டாம். நேரே ஆஸ்பத்திரி.

காய்ச்சல் பிள்ளையை நன்றாகப் போர்த்த வேண்டுமா? குளிப்பாட்டலாமா?

குளிர் நாட்டில் வாழ்கிற நமக்குப் போர்த்துவதுதான் பாசம். பனியன், அதன் மேல் ஸ்வெட்டர், அதன் மேல் இன்னொன்று, காதுவரை கம்பளித் தொப்பி, காலுக்கு மேஸ், மேலே இரண்டு கம்பளி. உள்ளே பிள்ளை கொதித்துக்கொண்டிருக்கும். நடுங்கும்போது போர்த்துங்கள், சரி. நடுக்கம் நின்று உடம்பு சுட்டால் ஒரு சட்டையும் மெல்லிய போர்வையும் போதும். முதலில் தொப்பியைக் கழற்றுங்கள்.

பீலித் தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும், அதில் துணி நனைத்துத் துடைத்தால் பிள்ளை மேலும் நடுங்கும். துடைப்பதானால் வெதுவெதுப்பான நீரில் துடையுங்கள். காய்ச்சல் குறைந்த நேரத்தில் கதவை மூடிக்கொண்டு சுடுதண்ணீரில் சட்டென்று மேல் கழுவிவிடுவதிலும் தவறில்லை.

எப்போது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்?

எல்லோரும் தேர்மோமீட்டரைப் பார்க்கிறார்கள். நான் சொல்வது, மூச்சைப் பாருங்கள். 103 டிகிரி காய்ச்சலிலும் மருந்து கொடுத்த அரை மணித்தியாலத்தில் எழுந்து பிஸ்கட் கேட்கிற பிள்ளையைப் பற்றி எனக்குப் பெரிய பயமில்லை. 100 டிகிரியில் விலா எலும்பு உள்ளே இழுக்க மூச்சு வாங்குகிற பிள்ளையைப் பற்றித்தான் பயம்.

பிள்ளை அழாமல் இருக்கும்போது, முடிந்தால் தூங்கும்போது, சட்டையை மேலே தூக்கிவிட்டு வயிறு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். கைபேசியில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு முழுதாக ஒரு நிமிடம். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50 அல்லது அதற்கு மேல், ஒரு வயது முதல் ஐந்து வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் என்றால் அது வேகமான மூச்சு, நிமோனியாவாக இருக்கலாம். எண்ணிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சையும் பாருங்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுகிறதா, மூக்குத் துவாரம் விரிகிறதா, முனகுகிறதா? ஆம் என்றால் எண்ணி முடிக்கக்கூடத் தேவையில்லை, கிளம்புங்கள்.

மூச்சு சரியாக இருந்தாலும் இவற்றில் ஒன்று இருந்தால் போக வேண்டும்: உதடோ முகமோ நீலம் பாய்வது, எழுப்பினாலும் சரியாக விழிக்காமல் மயங்கிக் கிடப்பது, எட்டு மணித்தியாலமாகச் சிறுநீர் போகாதது, அழுதால் கண்ணீர் வராதது, குடித்ததெல்லாம் வாந்தியாவது, கால் வலித்து நடக்கவே மறுப்பது, மருந்துக்கும் அடங்காத 104 டிகிரி காய்ச்சல், வலிப்பு.

கடைசியாக ஒன்று, இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மூன்றாம் நான்காம் நாள் காய்ச்சல் விட்டு, பிள்ளை தேறி, எல்லோரும் நிம்மதியானபின், மறுபடியும் காய்ச்சல் அடித்து இருமல் கூடினால் அது ‘மிச்சக் காய்ச்சல்’ இல்லை. வைரஸ் பலவீனப்படுத்திய நுரையீரலில் பக்டீரியா புகுந்திருக்கலாம். அன்றைக்கே காட்டுங்கள்.

எங்கள் டிவிஷன் ரோட்டிலிருந்து தூரம். இரவில் மோசமானால் என்ன செய்வது?

1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம், நாள் முழுக்க இயங்கும். டிவிஷன் பெயரோடு, பிரதான வீதியில் எந்தச் சந்தியிலிருந்து திரும்புவது, கோவிலா ஸ்டோரா எது அடையாளம் என்றும் சொல்லுங்கள். தோட்டப் பாதை மோசமாக இருந்தால் ஒருவர் டோர்ச் லைட்டோடு சந்திக்குப் போய் நிற்பது நல்லது.

அதைவிட நல்லது, இருட்டுமுன் முடிவெடுப்பது. பின்னேரம் நான்கு மணிக்கு மூச்சை எண்ணிப் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், ஓட்டோ கிடைக்கிற நேரத்திலேயே போய்விடுங்கள். வேலையை விட்டால் அன்றைய பேர், அதாவது அன்றைய கூலி, போய்விடும், தெரியும். அரைப் பேரோடு மலையிலிருந்து இறங்கி வருவது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

தோட்ட டிஸ்பென்சரி திறந்திருந்தால் அங்கே காட்டலாம், ஆனால் மேலே சொன்ன அறிகுறி இருந்தால் அங்கே வரிசையில் நிற்க வேண்டாம். டிக்கோயா, நுவரெலியா, பதுளை என்று பக்கத்தில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போகும்போது கிளினிக் கார்டு, கொடுத்த மருந்துப் போத்தல், காய்ச்சல் தொடங்கிய நாள், கடைசியாக மருந்து கொடுத்த நேரம், கடைசியாகச் சிறுநீர் போன நேரம் எல்லாவற்றையும் ஒரு துண்டில் எழுதி எடுத்துப் போங்கள். வார்டில் தமிழ் தெரிந்தவர் இல்லாவிட்டாலும் தேதியும் நேரமும் எல்லோருக்கும் புரியும்.

கொவிட் காலத்தில் வாங்கிய ஒக்சிமீட்டர் இருக்கிறது. அதைப் பார்த்தால் போதாதா?

போதாது. அது பெரியவர் விரலுக்குச் செய்த கருவி, சின்ன விரலில் சரியாகப் பொருந்தாது. விரல் குளிர்ந்திருந்தாலும் பிழையாகக் காட்டும், நம் ஊரில் விரல் குளிராத நாள் எது? எண் நன்றாக இருந்து நெஞ்சு உள்ளிழுத்தால், நெஞ்சை நம்புங்கள்.

எந்தப் பிள்ளைகளுக்கு ஆபத்து அதிகம்?

ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, அதிலும் இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு. ஆஸ்துமா, இருதய நோய், நீரிழிவு, சிறுநீரக நோய், வலிப்பு நோய் உள்ளவர்களுக்கும், குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கும். இந்தப் பட்டியலோடு நான் போஷாக்குக் குறைந்த பிள்ளைகளையும் சேர்ப்பேன். நிமோனியா வந்தால் தாங்கும் சக்தி அவர்களுக்குக் குறைவு. 2016 சனத்தொகை சுகாதாரக் கணக்கெடுப்பில், தோட்டப் பகுதியில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர். கிளினிக் கார்டில் உங்கள் பிள்ளையின் கோடு நிறம் மாறிக் கீழே இறங்கியிருந்தால், இரண்டு நாள் பார்ப்போம் என்று இருக்காமல் முதல் நாளே காட்டுங்கள்.

காய்ச்சலில் வலிப்பு வந்தால்?

ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரையுள்ள சில பிள்ளைகளுக்குக் காய்ச்சல் ஏறும்போது வரும். பார்க்கப் பயங்கரமாக இருக்கும், பெரும்பாலும் சில நிமிடங்களில் தானாக நிற்கும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கழுத்தைச் சுற்றியுள்ள உடையைத் தளர்த்துங்கள், நேரத்தைப் பாருங்கள். வாயில் கரண்டி வைக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள், கையில் இரும்பு கொடுப்பதால் எதுவும் ஆகாது. ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 1990. நின்றுவிட்டாலும் முதல் தடவை என்றால் டொக்டர் பார்க்க வேண்டும்.

டெமிஃப்ளூ கொடுத்தால் உடனே குணமாகுமா?

ஒசெல்டமிவிர் என்ற மருந்தின் வியாபாரப் பெயர்தான் அது. நோய் தொடங்கி 48 மணித்தியாலத்துக்குள் ஆரம்பித்தால் பலன் அதிகம். நோயின் நாட்களைச் சற்றுக் குறைக்கும், அவ்வளவுதான். ஆரோக்கியமான பிள்ளைக்கு அது பெரும்பாலும் தேவைப்படாது. ஆபத்து அதிகமுள்ள பிள்ளைக்கும் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட பிள்ளைக்கும் டொக்டர் எழுதுவார், வழக்கமாக நாளுக்கு இரண்டு வேளை, ஐந்து நாள்.

பக்கத்துக் காம்பராப் பிள்ளைக்குக் கொடுத்த அமொக்சிசிலின் மீதி இருக்கிறது...

கொட்டிவிடுங்கள். அன்டிபயோட்டிக் வைரஸை ஒன்றும் செய்யாது. கரைத்துவைத்த சிரப்பு சில நாட்களிலேயே கெட்டும்விடும். நிமோனியா என்று டொக்டர் சொன்னால் அவர் தரும் மருந்தை, அவர் சொன்ன நாள் முடியும்வரை கொடுங்கள்.

கொத்தமல்லி, இஞ்சி, வேது, தேன்?

கொத்தமல்லித் தண்ணீரும் மெல்லிய இஞ்சித் தேத்தண்ணீரும் வைரஸைக் கொல்லாது. ஆனால் சூடாகக் குடிக்கும்போது தொண்டைக்கு இதம், உடம்பில் நீர் சேரும். ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு இரவில் ஒரு தேக்கரண்டி தேன் இருமலைத் தணிக்கும், ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. வேது பிடிப்பதைப் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்பேன். கொதிக்கும் பானை, போர்வை, திமிறும் பிள்ளை, இடமில்லாத காம்பரா, சூட்டுக்காயம் படுவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? நெஞ்சில் பூசும் தைலங்களைக் கைக்குழந்தையின் மூக்குப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

அடுப்புப் புகை இருமலைக் கூட்டும். விறகடுப்பு எரியும்போது பிள்ளையை முன்காம்பராவில் வையுங்கள்.

சாப்பிடவே மாட்டேன் என்கிறான்.

இரண்டு மூன்று நாள் சோறு இறங்காவிட்டால் பரவாயில்லை, நீர் இறங்க வேண்டும். கஞ்சித் தண்ணீர், சூப், பால், எது பிடிக்குமோ அது, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி. வாந்தியோ வயிற்றோட்டமோ இருந்தால் ஜீவனி என்ற உப்புக் கரைசல் தூள். ஒரு பைக்கற்றைக் கொதித்தாறிய ஒரு லிட்டர் நீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். கோப்பையில் பாதிப் பைக்கற் போட்டுக் கலக்குவது தவறு, உப்பு மிஞ்சிவிடும். 24 மணித்தியாலத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள்.

ஒரே காம்பரா, ஆறு பேர். எப்படிப் பிரித்து வைப்பது?

தனி அறையில் வையுங்கள் என்று எழுதுகிறவர்கள் லயத்தைப் பார்த்ததில்லை. முடிந்ததைச் செய்வோம். வெயில் எட்டிப் பார்க்கிற நேரத்தில் கதவையும் ஜன்னலையும் திறந்து வையுங்கள், குளிர் காற்றால் இன்புளுவன்சா வராது, அடைத்த காற்றில்தான் பரவும். படுக்கும்போது பிள்ளையை ஜன்னல் பக்கம் போட்டு, அடுத்தவர் தலை பிள்ளையின் கால் பக்கம் வருமாறு படுங்கள். பிள்ளையை ஒருவரே கவனிக்கட்டும், முகக்கவசம் போட்டுக்கொண்டு. அந்த ஒருவர் கர்ப்பிணியாகவோ வயதான தாத்தாவாகவோ இருக்கக் கூடாது, இந்த நோய் அவர்களையும் கடுமையாகத் தாக்கும். டம்ளரும் துவாயும் தனி. சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவதை மட்டும் விடவே வேண்டாம்.

நோய் தொற்றி ஒன்று முதல் நான்கு நாட்களில் அறிகுறி தெரியும். அறிகுறி தெரிவதற்கு முதல் நாளே பிள்ளை மற்றவருக்குப் பரப்பத் தொடங்கிவிடும், அதனால் வீட்டில் இன்னொருவருக்கு வந்துவிட்டால் உங்களையே நொந்துகொள்ள வேண்டாம்.

எனக்குக் காய்ச்சல். பால் கொடுக்கலாமா?

கொடுங்கள். தாய்ப்பாலில் இன்புளுவன்சா பரவாது, பிள்ளைக்குப் பாதுகாப்பையே தரும். கை கழுவி, முகக்கவசம் போட்டுக்கொண்டு கொடுங்கள்.

பாடசாலைக்கும் பிள்ளைக் காம்பராவுக்கும் (தோட்டத்துப் பிள்ளைப் பராமரிப்பு நிலையம்) எப்போது அனுப்பலாம்?

பனடோல் கொடுக்காமலே 24 மணித்தியாலம் காய்ச்சல் இல்லாமல் இருந்தபின். காலையில் பனடோல் கொடுத்துக் காய்ச்சலை மறைத்துப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுப் பெரட்டுக்கு, காலை வேலைப் பதிவுக்கு, ஓடுவது ஏன் என்று புரிகிறது. ஆனால் ஒரு வாரத்தில் அங்குள்ள அத்தனை பிள்ளைகளும் படுத்துவிடும், எல்லாத் தாய்மாருக்கும் பேர் போகும். புலமைப்பரிசில் வகுப்பு என்றாலும் அதே விதிதான். காய்ச்சலோடு உட்கார்ந்த பிள்ளைக்கு ஒரு கணக்கும் ஏறப்போவதில்லை.

தடுப்பூசி இருக்கிறதா?

இருக்கிறது. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைக்குப் போடலாம், எச்1 என்1 வகையும் அதில் அடங்கும். ஒன்பது வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு முதல் தடவை போடும்போது நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி, பிறகு ஆண்டுக்கு ஒன்று. பாதுகாப்பு உருவாக இரண்டு வாரம் பிடிக்கும், அதனால் பருவம் தொடங்குமுன் போட வேண்டும். கிளினிக்கில் எல்லாப் பிள்ளைகளுக்கும் போடும் இலவச ஊசிகளில் இது இல்லை, தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போட வேண்டும். எல்லோராலும் முடியாது. ஆஸ்துமாவோ இருதய நோயோ உள்ள பிள்ளை இருந்தால், வீட்டில் ஒருவருக்குத்தான் காசு இருக்கிறது என்றால், அந்தப் பிள்ளைக்குப் போடுங்கள். கர்ப்பிணித் தாய் போட்டுக்கொண்டால், ஊசி போட முடியாத முதல் ஆறு மாதத்தில் குழந்தைக்கும் அந்தப் பாதுகாப்பு கிடைக்கும்.

காய்ச்சல் விட்டு ஒரு வாரம் ஆகிறது, இருமல் மட்டும் நிற்கவில்லை.

பிள்ளை சாப்பிட்டு விளையாடினால் இரண்டு வாரம்வரை பொறுக்கலாம். அதற்கு மேலும் இருமினால், எடை குறைந்தால், பின்னேரங்களில் உடம்பு சுட்டால், அல்லது வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்திருந்தால், மார்பு நோய் கிளினிக்கில் காட்டுங்கள். அங்கே பரிசோதனையும் மருந்தும் இலவசம்.